பட்டம் முடியும் முன்னே வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தவர்கள் இருக்கிறீர்களா?

அண்ணாமார், அக்காமார், ஓர் உதவி வேண்டும். நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை, கம்பஸில் இரசாயனவியல் விசேட பட்டத்தின் 4ஆம் வருடம். இறுதிப் பரீட்சை இன்னும் எழுதவில்லை, ஆய்வும் பாதியில் நிற்கிறது. ஆனால் அமெரிக்காவில் ஆகஸ்ட் மாதம் தொடங்கும் படிப்புகளுக்குப் பெரும்பாலும் முந்தைய டிசம்பரிலேயே விண்ணப்பம் மூடிவிடுகிறது, பட்டம் கைக்கு வரட்டும் என்று இருந்தால் ஒரு வருடம் வீணாகப் போய்விடும்.

இறுதி வருடத்தில் இருப்பவர்கள் இதுவரையான பெறுபேறுகளை வைத்தே விண்ணப்பிக்கலாம், இடம் கிடைத்தால் பட்டம் முடித்ததற்கான சான்றைப் பிறகு கொடுக்கலாம் என்று வாசித்தேன். முதுமாணி இல்லாமலே நேராகக் கலாநிதிப் படிப்புக்கும் எடுக்கிறார்களாம், கற்பித்தல் உதவியாளர் வேலை கிடைத்தால் கட்டணத்தையும் மாதச் செலவையும் அவர்களே பார்ப்பார்கள். அதனால்தான் துணிந்தேன்.

என் பயம் பெறுபேறுதான். எங்கள் பீடத்தில் போன அணிக்கு இறுதிப் பெறுபேறு வரவே மாதக்கணக்கில் இழுத்தது. பட்டமளிப்பு விழாவுக்கு முன் பதிவாளர் தரும் கடிதத்தை ஏற்றுக்கொள்வார்களா? அப்புறம், ஆய்வு முடியாத நிலையில் மேற்பார்வையாளரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டால் தவறாக நினைப்பாரா?

இன்னொன்று, விண்ணப்பக் கட்டணம். அம்மா கொழுந்து பறித்துச் சேர்த்த காசு, நாலைந்து இடத்துக்குக் கட்ட முடியாது. கட்டண விலக்கு கேட்டு வாங்கியவர்கள் இருந்தால், யாருக்கு, என்ன எழுதிக் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள்.