4000 சுற்றுக்கு மேல் கார் இழுக்கவில்லை: கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டதா?

வேகவிரும்பி:
வணக்கம். என்னுடைய நிஸான் 300இசட்எக்ஸ் கார் ஒரு மாதமாகச் சரியாக இழுக்கவில்லை. புறப்படும்போது குறை எதுவும் தெரிவதில்லை. ஆனால் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றைத் தாண்டியதும் மூச்சை அடைத்ததுபோல் திணறுகிறது, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினாலும் மேலே ஏற மறுக்கிறது. பணிமனையில், புகையின் நச்சைக் குறைக்கும் இரண்டு கேட்டலிடிக் கன்வெர்ட்டர்களையும் மாற்றச் சொல்கிறார்கள். நாளை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். மாற்றிவிடலாமா?

ஆறுசிலிண்டர்:
எந்த ஆண்டு வண்டி? டர்போ உள்ளதா, இல்லாததா? டர்போ வண்டியாக இருந்தால் காற்றுக் குழாய் ஒன்று கழன்றிருந்தாலும் இதே திணறல் வரும் என்பதால், அதைச் சொல்லாமல் யாரும் பதில் தர முடியாது. கம்ப்யூட்டரில் பிழை எண் ஏதேனும் காட்டுகிறதா என்பதையும் எழுதுங்கள்.

பெட்ரோல்வழி:
கன்வெர்ட்டரைத் தொடுவதற்கு முன் எரிபொருள் வடிகட்டியை மாற்றுங்கள். குறைந்த வேகத்தில் போதுமான பெட்ரோல் கிடைத்து, சுற்று ஏற ஏறப் போதாமல் போவதுதான் இந்த அறிகுறி. பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரின் வேக்கம் குழாயைக் கழற்றிவிட்டு அளந்தால் சுமார் 43 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் இருக்க வேண்டும். வண்டி ஓடும்போது அது சரிந்தால் பம்ப்பையும் பார்க்க வேண்டியிருக்கும். பழைய வண்டிகளில் பத்துக்கு எட்டு முறை பெட்ரோல் பக்கம்தான் குறை இருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

பழையகேஜ்:
இங்கே இதே கேள்வி பலமுறை விளக்கப்பட்டுவிட்டது; தேடிப் படிக்கும் பொறுமை இல்லாதவர்களுக்காக மீண்டும் ஒருமுறை எழுதுகிறேன். சிலிண்டர்களுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில், வெற்றிடத்தை அளக்கும் வேக்கம் கேஜை இணையுங்கள். சூடான, நல்ல நிலையில் உள்ள எஞ்சின் ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் ஓடும்போது) 17 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை காட்டும். பிறகு 2500 சுற்றில் ஒரு நிமிடம் பிடித்து வைத்தால், புகை வெளியேற வழியில்லாத எஞ்சினில் முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். இதற்கு மேல் சோதனை எதுவும் தேவையில்லை.

இரட்டைக்குழாய்:
பழையகேஜ் ஐயா சொல்லும் சோதனை ஒரே கன்வெர்ட்டர் உள்ள வண்டிக்கு முழுமையாகப் பொருந்தும். இது வி6 (பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டர்கள்), இரண்டு பக்கமும் தனித்தனி கன்வெர்ட்டர்கள், ஆனால் மேலே காற்றறை பொதுவானது. ஒரு பக்கம் மட்டும் அடைத்திருந்தால் மறுபக்கத்து மூன்று சிலிண்டர்கள் முள்ளைத் தாங்கிக்கொள்ளும் என்பதால் அடைப்பு கண்ணில் படாமலே போகக்கூடும். ஒவ்வொரு பக்கத்திலும் கன்வெர்ட்டருக்கு முன்னுள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் பிரஷர் கேஜைப் பொருத்தி அளப்பதே நேரான வழி. ஐட்லிங்கில் 1.5 பிஎஸ்ஐக்குள்ளும், 2500 சுற்றில் 3 பிஎஸ்ஐக்குள்ளும் இருந்தால் அந்தப் பக்கம் அடைப்பு இல்லை. கேஜுக்குப் போகும் முதல் பகுதி உலோகக் குழாயாக இருக்கட்டும். ரப்பர் குழாய் உருகிவிடும். துளையின் மரையளவு வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் அடாப்டர் வாங்குமுன் சென்சாரைக் கழற்றி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தீப்பொறி:
இவ்வளவு சிரமம் எதற்கு? தொடாமல் வெப்பம் அளக்கும் கருவியைக் கன்வெர்ட்டரின் முன்புறமும் பின்புறமும் காட்டினாலே போதும். பின்புறம் சூடு அதிகமாக இருந்தால் நல்லது; குறைவாக இருந்தால் அடைப்பு.

இரட்டைக்குழாய்:
இதை நான் ஏற்க மாட்டேன். அந்தக் கருவி சொல்வது உள்ளே வேதிவினை எவ்வளவு நடக்கிறது என்பதைத்தான், வழி திறந்திருக்கிறதா என்பதை அல்ல. எஞ்சின் சுத்தமாக எரித்தால் கன்வெர்ட்டருக்கு எரிக்க மிச்சம் அதிகம் இராது. அப்போது நல்ல கன்வெர்ட்டரிலும் முன்பின் வேறுபாடு மிகச் சிறிதாகவே இருக்கும். போதாக்குறைக்கு, பளபளப்பான வெப்பத்தகட்டின் மேல் காட்டினால் கருவி உண்மையான சூட்டைவிடக் குறைத்தே காட்டும்.

தீப்பொறி:
நான் இந்த முறையில் இரண்டு வண்டிகளில் அடைப்பைக் கண்டுபிடித்திருக்கிறேன். அனுபவத்தை எண்களால் மறுக்க வேண்டாம்.

பழையகேஜ்:
இரண்டு வண்டிகளை வைத்து விதி எழுத முடியாது, தீப்பொறி. என் வேக்கம் முறை ஒரு பக்க அடைப்பைத் தவறவிடும் என்ற திருத்தத்தை ஏற்கிறேன். வெப்பக் கருவியை ஏற்கவில்லை.

வேகவிரும்பி:
மன்னிக்கவும், இவையெல்லாம் முக்கியம் என்று முதலில் எனக்குத் தோன்றவில்லை. 1991 மாடல், டர்போ இல்லை. பிழை எண் 55 மட்டும் வருகிறது. வடிகட்டி போன ஆண்டுதான் மாற்றினேன். மூன்று மாதங்களுக்கு முன்பு ஐட்லிங்கில் ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் நடுங்கியது; நேரமில்லாததால் அப்படியே ஓட்டினேன்.

ஆறுசிலிண்டர்:
55 என்றால் பிழை எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் கன்வெர்ட்டரைக் கண்காணிப்பதே இல்லை, ஆகவே அது உங்களுக்கு ஆறுதல் தராது. நீங்கள் கடைசியில் எழுதிய வரியைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். எரியாத சிலிண்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் அப்படியே கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும்; சூடு 1400 டிகிரி செல்சியஸை நெருங்கினால் உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உருகி வழியை மூடிவிடும். காரணத்தைச் சரிசெய்யாமல் புதியதைப் பொருத்தினால் அதுவும் அதே வழியில் போகும். சிலிண்டர்களுக்குப் பெட்ரோல் தெளிக்கும் ஆறு இன்ஜெக்டர்களின் மின்தடையையும் அளந்து பாருங்கள். 10 முதல் 14 ஓம் வரை இருக்க வேண்டும்.

தீப்பொறி:
தேன்கூட்டைத் தட்டி எடுத்துவிட்டு வெறும் கூட்டைப் பொருத்தினாலும் வண்டி இழுக்கும்.

இரட்டைக்குழாய்:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பல நாடுகளில் அது சட்டத்துக்கு எதிரானது. அதைவிட, நம் வண்டியின் நச்சுப் புகையைப் பின்னால் வருபவர் சுவாசிப்பார்.

வேகவிரும்பி:
இன்று அளந்தேன். 2500 சுற்றில் வலப்பக்கம் 1 பிஎஸ்ஐ, இடப்பக்கம் 7. நான்காவது இன்ஜெக்டர் 3 ஓம் காட்டுகிறது. முதலில் இன்ஜெக்டர், பிறகு இடப்பக்கக் கன்வெர்ட்டர் மட்டும் மாற்றப் போகிறேன். அனைவருக்கும் நன்றி.

ஆறுசிலிண்டர்:
நான்காவது சிலிண்டர் இடப்பக்கத்தைச் சேர்ந்ததுதான், ஆகவே கணக்கு பொருந்துகிறது. மற்ற ஐந்து இன்ஜெக்டர்களும் எத்தனை ஓம் காட்டின? எஞ்சின் சூடான பிறகும் அளந்தீர்களா?