டிஸ்அலவ் போட்ட பிறகும் மொத்த விலைப் பட்டியல் கூகுளில் வருகிறது

பட்டறைத் தம்பி:
வணக்கம். ஆத்தங்குடியில் எங்கள் மாமா டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறார். கண்ணாடி மேல் வார்க்கும் பழைய முறைதான். வலைத்தளத்தைக் காரைக்குடியிலிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன்.

மேஸ்திரிகளுக்கும் இன்ஜினியர்களுக்கும் மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் மொத்த விலைப் பட்டியல், பிடிஎஃப் கோப்பாகத் தளத்தில் இருக்கிறது. தளம் கட்டிக் கொடுத்தவர், தேடுபொறிகளுக்குக் குறிப்பு எழுதிவைக்கிற ரோபாட்ஸ் கோப்பில் (robots.txt) அதற்கு டிஸ்அலவ் என்ற தடை வரி போட்டிருக்கிறார். ஆனாலும் பட்டறைப் பெயரைத் தேடினால் அது வந்து நிற்கிறது. முகவரி மட்டும், கீழே விவரம் எதுவும் இல்லை. ஒரே ஒரு அறைக்குக் கல் வாங்க வருகிறவர்கள் மொத்த விலையைக் காட்டிக் கேட்கிறார்கள், மாமாவுக்குச் சங்கடம். பலரிடம் லிங்க் இருப்பதால் அழிக்கவும் முடியாது.

இன்னொன்று. தேடுபொறிகளுக்குக் கொடுக்கும் பக்கப் பட்டியலான சைட்மேப்பில் எல்லாப் பக்கத்துக்கும் தினமும் அன்றைய தேதியே விழுகிறது. புது டிசைன்கள் தேடலில் வர ரொம்ப நாளாகிறது. பக்கம் எவ்வளவு முக்கியம் என்று அதில் குறிக்கும் பிரையாரிட்டி எண்ணைக் கூட்டினால் சரியாகுமா?

புதுவயல்:
அதே ரோபாட்ஸ் கோப்பில் நோஇண்டெக்ஸ் என்று ஒரு வரி சேருங்கள். முன்பு எனக்கு வேலை செய்தது.

தேவகோட்டை ரஸ்தா:
புதுவயல் சொன்ன வரி ஒரு காலத்தில் எடுபட்டது. 2019 செப்டம்பர் 1 முதல் கூகுள் அதைக் கண்டுகொள்வதில்லை.

தம்பி, உங்கள் சிக்கல் அந்த டிஸ்அலவில்தான் இருக்கிறது. அது, தளங்களைப் படித்து வர கூகுள் அனுப்பும் நிரலான கூகுள்பாட்டிடம் 'திறந்து படிக்காதே' என்று மட்டும் சொல்லும், 'தேடலில் காட்டாதே' என்று சொல்லாது. உங்கள் லிங்கை யாராவது எங்கேயாவது பொதுவில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து முகவரியை மட்டும் சேர்த்துக்கொண்டது. உள்ளே படிக்காததால்தான் விவரம் இல்லை.

காட்டாதே என்று சொல்வது நோஇண்டெக்ஸ். அது கோப்போடு சேர்ந்து வர வேண்டும். முகப்பிலேயே நிறுத்திவைத்த ஆளுக்கு வளவுக்குள் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் எப்படித் தெரியும்? அதனால் முதலில் டிஸ்அலவ் வரியை எடுங்கள். வலைப்பக்கத்தில் வைப்பதுபோல் பிடிஎஃப்புக்குள் மெட்டா டேக் என்ற குறிப்பு வரியை வைக்க முடியாது. கோப்போடு சேர்த்து சர்வர் அனுப்பும் ஹெடர் என்ற தகவல் பகுதியில் எக்ஸ்-ரோபாட்ஸ்-டேக் வைத்து, அதற்கு நோஇண்டெக்ஸ் என்று மதிப்புக் கொடுங்கள். எப்படி என்று தெரியாவிட்டால் ஹோஸ்டிங்காரரிடம் இதே வார்த்தைகளைச் சொல்லுங்கள், செய்து தருவார்.

மாற்றியதும் மறையாது. கூகுள் ரோபாட்ஸ் கோப்பின் நகலைப் பொதுவாக 24 மணி நேரம் வரை வைத்துக்கொள்ளும், அப்புறம் பிடிஎஃப்பை மறுபடி வந்து படிக்க வேண்டும். அவசரத்துக்கு, தளம் வைத்திருப்பவர்களுக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோலில் ரிமூவல்ஸ் என்ற வசதி இருக்கிறது. சுமார் 6 மாதம் மறைத்து வைக்கும், நிரந்தரம் இல்லை.

ரோபாட்ஸ் கோப்பை யாரும் பிரௌசரில் திறந்து பார்க்கலாம் என்பதையும் மாமாவிடம் சொல்லுங்கள். மறைக்க நினைக்கிற முகவரியை அதில் எழுதினால் நாமே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். 1994இல் மார்ட்டைன் கோஸ்டர் என்ற மென்பொருளாளர் முன்வைத்த காலத்திலிருந்தே இது பாட்கள் தாங்களாக மதித்து நடக்கிற ஏற்பாடுதான். 2022இல் ஆர்எஃப்சி 9309 என்ற இணையத் தர ஆவணமாக்கியபோதும், இது அனுமதிக் கட்டுப்பாடு அல்ல என்று அதிலேயே எழுதினார்கள். விலை உண்மையிலேயே ரகசியம் என்றால் பாஸ்வேர்டு போடுங்கள்.

பிரையாரிட்டியை விடுங்கள், கூகுள் அதைப் பார்ப்பதே இல்லை. பக்கம் எவ்வளவு அடிக்கடி மாறும் என்று சொல்லும் சேஞ்ச்ஃப்ரீக்கும் அப்படித்தான். பக்கம் கடைசியாக மாறிய நாளைச் சொல்லும் லாஸ்ட்மாட் தேதியைப் பார்க்கும், அது நம்பும்படி இருந்தால் மட்டும். எல்லாமே இன்றைக்கு மாறியது என்று தினமும் சொல்கிற சைட்மேப்பை எதற்கு நம்பும்? படமோ அளவோ விவரமோ மாறிய பக்கத்துக்கு மட்டும், மாறிய நாளின் தேதி விழட்டும். எனக்கு இதில் வருத்தமே உண்டு. கையால் வார்த்து, தண்ணீரில் போட்டுப் பதப்படுத்தி எடுக்கிற கல் அது. ஒரு பொய்த் தேதியால் அதன் புது டிசைன் யார் கண்ணிலும் படாமல் கிடக்கக் கூடாது.

பட்டறைத் தம்பி:
ரொம்ப நன்றி அண்ணே. ஹெடர் வைத்தாயிற்று, சர்ச் கன்சோலில் சோதித்தால் நோஇண்டெக்ஸ் தெரிகிறது. நிறம், அளவு பார்த்து வடிகட்டுகிற பக்கங்களுக்கும் டிஸ்அலவ் இருக்கிறது. அதையும் எடுத்துவிடவா?

தேவகோட்டை ரஸ்தா:
அதில் கை வைக்காதீர்கள்! டிஸ்அலவ் இருக்க வேண்டிய இடமே அதுதான். 8க்கு 8, 10க்கு 10, சிவப்பு, பச்சை என்று மாற்றி மாற்றிச் சேர்த்தால் முகவரிகளுக்கு முடிவே இல்லை. பாட் அதற்குள் சுற்றிக்கொண்டிருந்தால் புது டிசைனுக்கு எப்போது வரும்? அந்த முகவரிகள் சைட்மேப்பிலும் இருக்கக் கூடாது, பார்த்துவிடுங்கள். ரோபாட்ஸ் கோப்பில் சைட்மேப் வரியை எச்டிடிபிஎஸ்ஸில் தொடங்கி முழு முகவரியாக எழுதுங்கள். டிஸ்அலவில் வரும் பாதையில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு, அதையும் கவனியுங்கள்.

கானாடுகாத்தான் அக்கா:
இடையில் ஒரு சந்தேகம். எங்கள் கண்டாங்கிச் சேலைத் தளத்தில் முகவரிகள் தமிழில் இருக்கின்றன. சைட்மேப்பில் அப்படியே எழுதலாமா?

தேவகோட்டை ரஸ்தா:
கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்து, முகவரியில் உள்ள தமிழ் எழுத்துகளைச் % குறியோடு வரும் சதவீதக் குறியீடாக மாற்றி எழுதுங்கள் அக்கா. வேர்ட்பிரஸ் மென்பொருளில் கட்டிய தளம் என்றால் அதுவே மாற்றிக்கொள்ளும், கையால் எழுதினால்தான் இந்த வேலை.