இழை: ‘கோஸி மிஸ்டரி’ – தமிழில் என்ன சொல்லலாம்?

பட்டியல்காரர் எழுதியது:
அன்புள்ள குழுவினருக்கு, பதிப்பகப் பட்டியல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கிறிஸ்துமஸ் பருவத்து ‘கோஸி மிஸ்டரி’ நாவல்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ‘கோஸி’ என்றால் கதகதப்பான, இதமான என்று பொருள். சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கேக் கடையோ புத்தகக் கடையோ நடத்தும் பெண்தான் துப்பறிவாள். கொலை நம் கண்ணில் படாமல் நடந்து முடிந்துவிடும். உள்ளூர்க் காவல் அதிகாரியோடு அவளுக்கு மெல்ல ஒரு காதல். தலைப்பில் இரண்டு சொற்களுக்குத்தான் இடம்.

நூலகத்து நண்பர் எழுதியது:
‘இதமான மர்மம்’. முடிந்தது வேலை.

பொருநை எழுதியது:
எங்கே முடிந்தது? இதம் வடசொல், மர்மமும் வடசொல். வடமொழியில் மர்மம் உடலின் உயிர்நிலையைக் குறிக்கும். நம் வர்மக் கலையும் அதன் உறவுதான். ‘இதமான உயிர்நிலை’ என்றா அச்சிடப் போகிறீர்கள்? நெடுநல்வாடையைப் பாருங்கள். கூதிர்காலத்தில் குளிர்ந்த நீரைத் தொடாமல் ‘பகுவாய்த் தடவில்’ செந்நெருப்பை மூட்டிக் காய்கிறார்கள். தடவு என்பது நெருப்பிடும் சட்டி. ‘தடவுப் புதிர்’ என்று வைத்தால் குளிரும் வந்துவிடும், கதகதப்பும் வந்துவிடும்.

கரிசல் எழுதியது:
ஐயா, காதலும் கலந்த கதைக்குத் ‘தடவு’ என்று தலைப்பு வைத்தால் புத்தகம் வேறு அலமாரிக்குப் போய்விடும். கணப்பு என்றாலும் குளிர்காயும் நெருப்புதான்; ‘கணப்புப் புதிர்’ என்றாலே போதும்.

தமிழாசிரியர் (ஓய்வு) எழுதியது:
காதலை ஏன் ஓரத்தில் ஒட்டவைக்கிறீர்கள்? ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் 1937இல் வெளியிட்ட நாவலுக்குத் துப்பறிதல் குறுக்கிடும் காதல் கதை என்றே துணைத்தலைப்புத் தந்தார். திருட்டையும் மறைவான காதலையும் ஒரே சொல்லால் சொல்லும் மொழி நம்முடையது: களவு. களவியலைத் தொல்காப்பியர் வகுத்துத் தந்திருக்கிறார். ‘களவுக் கதை’ என்று துணிந்து போடுங்கள்.

கரிசல் எழுதியது:
நடப்பது கொலை, ஐயா, திருட்டு அல்ல. தொல்காப்பியக் களவு கற்பில், அதாவது திருமணத்தில், போய்ச் சேரும். இந்த வரிசை நாவல்களில் பத்தாம் புத்தகம் வந்தாலும் அந்தக் காவல் அதிகாரி வாய் திறக்க மாட்டார்.

நூலகத்து நண்பர் எழுதியது:
கதகதப்பு இந்த வகையின் இலக்கணமா என்பதே எனக்கு ஐயம். அகதா கிறிஸ்டி 1938இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் நாவலின் சமர்ப்பணத்தைப் படியுங்கள். கொலைகளில் ரத்தமே இல்லை என்று அக்காளின் கணவர் குறைபட்டதால், அவருக்காக ரத்தம் பெருகும் கொலையாகவே எழுதியிருக்கிறார். பண்டிகையும் டிசம்பருக்கு மட்டும் உரியதல்ல. நார்வேக்காரர்கள் ஈஸ்டர் விடுமுறைக்கு மலைக்குடில்களுக்குப் போய்க் குற்றக் கதை படிப்பார்கள். 1923இல் ஈஸ்டருக்குச் சற்று முன், பெர்கன் ரயில் இரவில் கொள்ளையடிக்கப்பட்டதாக நாளிதழின் முதல் பக்கத்தில் வந்தது. அது ஒரு நாவலுக்கான விளம்பரம். பலர் செய்தி என்றே நம்பிவிட்டார்கள். வழக்கம் அங்கிருந்து தொடங்கியதாகச் சொல்வார்கள். இப்போது பால் அட்டைப்பெட்டியில்கூடக் குற்றப் புதிர் அச்சாகிறது.

பொருநை எழுதியது:
அப்படியானால் ‘முன்பனிப் புதிர்’. மார்கழியும் தையும் முன்பனி. கிறிஸ்துமஸ் மார்கழியில்தானே வருகிறது?

கரிசல் எழுதியது:
ஆஸ்திரேலியாவில் கிறிஸ்துமஸ் கோடையில் வருகிறது. நார்வே ஈஸ்டருக்குப் பின்பனி என்பீர்களா? என் ஓட்டு ‘ஊர்ப்புதிர்’. கொன்றவரும் செத்தவரும் துப்பறிபவரும் ஒரே ஊர்க்காரர்கள். இந்தக் கதைகளின் உயிர் அங்கேதான். போர்வையிலும் தேநீரிலும் இல்லை.

தமிழாசிரியர் (ஓய்வு) எழுதியது:
ஊர்ப்புதிர் என்றால் விடுகதைத் தொகுப்பு என்று நினைப்பார்கள். துப்பு என்ற சொல்லை ஒருவரும் தொடவில்லையே! ‘துப்பார்க்குத் துப்பாய’ குறளில் அது உணவு. பவளத்துக்கும் துப்பு என்று பெயர், வலிமைக்கும் துப்பு. கேக் கடைக்காரி துப்பறியும் கதைக்கு உணவும் துப்பும் ஒரே சொல்லாக அமைவது எத்தனை பொருத்தம்!

பட்டியல்காரர் எழுதியது:
அனைவருக்கும் நன்றி. நாளை வெள்ளிக்கிழமை. ‘இதமான மர்மம்’ என்பதற்கு மூவர் தனிமடலில் ஆதரவு சொன்னார்கள். மூவருமே ‘வேறு வழியில்லை’ என்று சேர்த்திருந்தார்கள். அதையே போடுகிறேன்.

பொருநை எழுதியது:
என் மறுப்பு பதிவாகட்டும். ‘இதமான’ என்பதையாவது ‘மென்’ என்று திருத்தலாம்; மென்பொருளை ஏற்றவர்கள் மென்புதிரையும் ஏற்பார்கள்.

கரிசல் எழுதியது:
சுடோகு என்று வாங்கிப் போவார்கள்.