கணையம், பெருங்குடல் புற்றுநோய்க் கூட்டாய்வுக்கு அப்பாவின் திசுவைக் கொடுக்கலாமா?

பாம்பன் மகள் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 54. நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்றுநோய் இருப்பது தெரிந்து, மதுரையில் ஒரு மருத்துவமனையில் அடுத்த வாரம் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். பல மருத்துவமனைகள் சேர்ந்து கணையப் புற்றுநோயையும் பெருங்குடல் புற்றுநோயையும் ஆராய்வதாகவும், வெட்டி எடுக்கும் கட்டியில் ஒரு துண்டும் கொஞ்சம் இரத்தமும் வேண்டும் என்றும் சொல்லி ஒப்புதல் படிவம் கொடுத்தார்கள். டாக்டர் கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதானே என்கிறார் அப்பா. சித்தப்பாவோ, அண்ணனைச் சோதனை எலியாக்கிவிடுவார்கள் என்று அஞ்சுகிறார். எங்கள் அத்தை 46 வயதில் கர்ப்பப்பைப் புற்றுநோயால் இறந்ததையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். வெவ்வேறு உறுப்புகளில் வரும் இரண்டு நோய்களை ஏன் ஒன்றாக ஆராய்கிறார்கள்? கையெழுத்திடும் முன் எதைக் கேட்க வேண்டும்?

திசு வங்கிப் பணியாளர்:

சகோதரி, புதிய மருந்தை நோயாளியின் உடலில் செலுத்திப் பார்க்கும் சோதனை வேறு. சிகிச்சைக்காக எப்படியும் அகற்றப்படும் கட்டியில், கட்டியைப் பரிசோதித்து நோயை உறுதிசெய்யும் நோய்க்குறியியல் துறை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதில் ஒரு துண்டைச் சேமிப்பது வேறு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது இரண்டாவது வகை.

இரு நோய்களையும் இணைப்பது பெரும்பாலும் கே.ராஸ் என்ற மரபணு. கணையப் புற்றுநோயாளிகளில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோரிடமும், பெருங்குடல் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரிடமும் அதில் மாற்றம் காணப்படுகிறது. ஒரே மரபணு கெட்டிருந்தாலும் உறுப்புக்கு உறுப்பு நோய் வேறு விதமாக நடந்துகொள்கிறது என்பதுதான் ஆய்வாளர்களை ஈர்க்கும் புதிர். அந்த மாற்றங்களில் ஒருவகையைத் தடுக்கும் சொடோராசிப் மருந்து நுரையீரல் புற்றுநோயில் தனியாகவே பயன் தந்தது. பெருங்குடலிலோ செல்கள் தம் மேற்பரப்பில் உள்ள ஈ.ஜி.எஃப்.ஆர் என்ற புரதத்தின் வழியாக வளர்ச்சிக் கட்டளையை மீண்டும் உயிர்ப்பித்துக்கொண்டதால், அந்த வழியையும் அடைக்கும் பனிடுமுமாப்பைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கூட்டு மருந்துக்கு அமெரிக்காவில் 2025 ஜனவரியில் அனுமதி கிடைத்தது.

பல மருத்துவமனைகள் சேர்வதற்குக் காரணம் எளியது. கணையப் புற்றுநோய் தெரியவரும்போது 100 பேரில் 15 முதல் 20 பேருக்கே அறுவை சிகிச்சை செய்ய முடிகிறது என்பதால், ஒரே இடத்தில் போதிய திசு சேர்வதில்லை. சேர்த்த திசுவையும் எல்லா ஊரிலும் ஒரே முறையில் உறைய வைக்க வேண்டும். ஐஸில் போடத் தாமதித்த மீனைப் போல, தாமதித்த திசுவில் முதலில் கெடுவது ஆய்வுக்கு மிகவும் தேவையான, மரபணுக்களின் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.தான்.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது உங்கள் அத்தையின் செய்தி. ஆய்வுக்குக் கொடுக்கும் துண்டின் முடிவுகள் பொதுவாகக் குடும்பத்துக்குத் திரும்பி வருவதில்லை. ஆகவே, ஆய்வுக்குச் சம்மதித்தாலும் மறுத்தாலும், அப்பாவின் கட்டியில் எம்.எம்.ஆர் புரதங்கள் (டி.என்.ஏவை நகலெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்துபவை) இருக்கின்றனவா என்று பார்க்கும் பரிசோதனையைச் சிகிச்சையின் பகுதியாகவே செய்யும்படி அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். இந்தப் புரதங்கள் சரியாக வேலை செய்யாத லிஞ்ச் நோய்க்குறி என்னும் பரம்பரைக் குறைபாடு பெருங்குடலிலும் கர்ப்பப்பையின் உட்சுவரிலும், சிலருக்குக் கணையத்திலும்கூட, புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. அத்தைக்கு வந்தது உட்சுவரிலா, கர்ப்பப்பை வாயிலா? வாய்ப்பகுதி என்றால் அது இதனோடு சேராது.

கீழக்கரை வாசகர்:

எங்கள் வாப்பாவுக்குக் கணையத்தில் வந்தபோது இத்தகைய ஆய்வுக்குக் கொடுத்தோம், நிம்மதியாகவே கொடுத்தோம். தகவல் தாளைத் தமிழில் வாங்கி, அப்பாவே வாசிக்கும்படி செய்யுங்கள் அல்லது வாசித்துக் காட்டுங்கள். மறுத்தாலும் சிகிச்சை மாறாது, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வரிகள் அதில் இருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா, மீந்த திசுவை வேறு ஆய்வுக்கும் பயன்படுத்துவார்களா, வெளிநாட்டு நிறுவனம் பங்கேற்கிறது என்றால் அதற்கான அரசு அனுமதி பெற்றிருக்கிறார்களா என்று கேளுங்கள். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் இல்லாமல் அங்கிருந்து கிளம்ப வேண்டாம்.

நம் கரைக்காரர்கள் தடுமாறுவது அதற்குப் பிறகுதான். நோய் திரும்பியதா என்ற விவரம் இல்லாமல் திசு மட்டும் இருந்தால் பயன் குறைவு என்றார்கள். ஆனால், இராமேசுவரம் பக்கத்திலிருந்து ஒரு குழாய் இரத்தத்துக்காக மதுரை வரை போனால் ஒருநாள் கூலி போய்விடும். ஆய்வுக்கான இரத்தத்தைக் கீமோ நாளிலேயே எடுக்கவும், இடையில் தொலைபேசியில் விசாரிக்கவும் முடியுமா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்களுக்கு ஓய்வு உண்டு. நாட்டுப்படகுக்காரருக்கு அதுவும் இல்லை என்பது மதுரையில் பலருக்குத் தெரியாது.

பாம்பன் மகள்:

இருவருக்கும் நன்றி. அத்தையின் பழைய கோப்பைத் தேடி எடுத்தோம். உட்சுவர் என்றே எழுதியிருக்கிறது. அப்படியானால் சித்தப்பாவுக்கும் எனக்கும் இப்போதே சோதனை வேண்டுமா? அவருக்கு 50 ஆகிறது, எனக்கு 27.

திசு வங்கிப் பணியாளர்:

சித்தப்பா காத்திருக்க வேண்டாம்; உடன்பிறந்தவருக்கு இந்த வயதில் வந்திருப்பதாலேயே அவர் கொலனோஸ்கோப்பி (குழாய்க் கேமராவால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்துகொள்வது நல்லது. உங்களுக்கு அப்பாவின் முடிவு முதலில் வரட்டும். புரதம் ஏதேனும் காணவில்லை என்றால், மரபணு ஆலோசகர் வழியாக அப்பாவின் இரத்தத்தைப் பரிசோதித்து, பரம்பரை மாற்றம் உறுதியானால் மட்டும் அதே மாற்றத்தை உங்களிடம் தேடுவார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வருவதற்கு 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இருந்தால், மாற்றம் எந்த மரபணுவில் என்பதைப் பொறுத்து, உங்கள் வயதிலேயோ சில ஆண்டுகள் கழித்தோ குறிப்பிட்ட இடைவெளியில் கொலனோஸ்கோப்பி தொடங்கும், இல்லாவிட்டால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. அத்தையின் கோப்பை நகலெடுத்து, அறுவை சிகிச்சைக்கு முன்பே மருத்துவர் கையில் கொடுத்துவிடுங்கள்.