திபிலிசியில் நான் குடியிருந்த வீட்டுப் பாட்டி

ஜார்ஜியாவில் மருத்துவம் படித்தபோது தலைநகர் திபிலிசியில் ஒரு பாட்டி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். பாட்டியை அங்கே 'பெபியா' என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

ஒரு ஜனவரி ராத்திரி கரண்ட் போனது. நான் போனைத் தேடி எடுப்பதற்குள் பெபியா மெழுகுவர்த்தியோடு என் அறை வாசலில் நிற்கிறார். அலமாரியைத் திறந்து காட்டினார். கட்டுக் கட்டாக மெழுகுவர்த்தி, தீப்பெட்டி. பத்து நிமிடத்தில் கரண்ட் வந்துவிட்டது, பேச்சு மட்டும் நிற்கவில்லை. பேத்தி மொழிபெயர்க்க, வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

1991 ஏப்ரல் 9, சோவியத் யூனியனிலிருந்து ஜார்ஜியாவின் சுதந்திரப் பிரகடனம். அந்தத் தேதிக்குக் காரணம் உண்டு. 1989-ல் அதே நாள், திபிலிசியின் ருஸ்தாவெலி சாலையில் கூடியிருந்தவர்களைச் சோவியத் படை மண்வெட்டியாலும் வாயுவாலும் தாக்கியது. 21 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள்.

அவ்வளவு கொடுத்து வாங்கிய சுதந்திரம். ஆனால் சுதந்திரம் வந்த 1991 டிசம்பரிலேயே அதே சாலையில் ஜார்ஜியர்களே ஜார்ஜியர்களைச் சுட்டார்கள். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி கம்சகுர்தியா, பார்லிமெண்ட் கட்டடத்துக்குள் அடைபட்டுக் கிடந்து, 1992 ஜனவரி 6-ல் நாட்டைவிட்டே தப்பினார். "சோவியத் டாங்கியைப் பார்த்து நான் அழவில்லை. எங்கள் பிள்ளைகள் கையில் துப்பாக்கியைப் பார்த்துத்தான் அழுதேன்" என்றார் பெபியா.

அப்புறம், பிரிந்துபோக நினைத்த அப்காசியா பகுதியில் போர். 1993-ல் அதன் தலைநகர் சுகுமி விழுந்ததும் இரண்டு லட்சம் பேருக்கு மேல் வீடிழந்தார்கள். திபிலிசியின் பெரிய ஹோட்டல் இவேரியாவே அகதிகள் குடியிருப்பானது. ஊரில் கரண்ட் இல்லை, கேஸ் இல்லை, மண்ணெண்ணெய் அடுப்புதான். ரொட்டிக்கு ராத்திரியே வரிசையில் நிற்க வேண்டும். 1991-ல் சுதந்திரம் என்று ஒரு வரியில் படித்துவிடுகிறோம். அந்த வீட்டில் அது நாலைந்து குளிர்காலம்.

ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து பத்து லட்சம் கூப்பன் நோட்டு ஒன்றை எடுத்தார். அப்போதைய பணம் அது. 1995-ல் 'லாரி' என்ற புதுப் பணம் வந்தபோது பத்து லட்சம் கூப்பனுக்கு ஒரே ஒரு லாரி. ஒரு லாரி நாணயத்தை அந்த நோட்டின் மேல் வைத்து என்னைப் பார்த்தார். எனக்குப் பேச்சே வரவில்லை.

அந்த ஜனவரிக்குப் பின் வந்த ஏப்ரல் 9 அன்று அவரோடு ருஸ்தாவெலிக்குப் போனேன். பார்லிமெண்ட் முன்னால் பூ வைத்தார். காற்றில் தீக்குச்சி நிற்கவில்லை, அவர் கையும் நடுங்கியது. மெழுகுவர்த்தியை வாங்கி நான் ஏற்றினேன்.