இருண்டு குளிர்ந்து கிடக்கும் பழைய சமையலறைக்கு வெளிச்சமும் கதகதப்பும் வர என்ன செய்யலாம்?

கேள்வி: வண்ணைவாசி

அனைவருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில், இரு பக்கமும் பொதுச்சுவர் கொண்ட, நீண்டு ஒடுங்கிய சொந்த வீட்டில் வசிக்கிறோம். தெருவை ஒட்டிய முன்னறைக்கு வெயில் தாராளமாக வருகிறது. கடைக்கோடியில் இருக்கும் சமையலறையிலோ உச்சிவேளையிலும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. அங்குள்ள ஒரே சன்னல் பின்புறச் சந்தைப் பார்த்தது. சந்துக்கு அப்பால் இருந்த ஓட்டு வீட்டை இடித்து மாடிக் கட்டடம் எழுப்பிய பிறகு, அந்தச் சன்னலால் வந்துகொண்டிருந்த வெளிச்சமும் குறைந்துவிட்டது. மேடையும் அலமாரித் தட்டுகளும் கறுப்புக் கடப்பாக்கல். கூரை மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட பழைய வகைத் தளம்; அதன் உத்திரங்கள் பழைய விறகுப் புகையில் கறுத்தவை.

சென்னையில் குளிரா என்று கேட்பவர்கள் உண்டு. ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் தை வரைக்கும் எங்கள் சமையலறைச் சுவரின் கீழ்ப்பகுதி தொட்டால் சில்லென்று இருக்கும். சிமெண்ட் பூச்சின் மேல் அடித்த பெயிண்ட் கொப்பளித்து, உப்புப் பூத்து உதிரும். என் மாமியார் பகலின் பெரும்பகுதியை அங்கேதான் கழிக்கிறார். வெறுங்காலுடன் அந்தத் தரையில் நிற்பதால் மழைக்காலத்தில் முழங்கால் வலி கூடுகிறது என்கிறார். வீட்டை இடித்துக் கட்டும் எண்ணம் இல்லை. தரையிலிருந்து கூரை வரை வெள்ளை டைல்ஸ் ஒட்டிவிட்டால் இரண்டு குறையும் தீரும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். அது சரியான வழிதானா என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: சுண்ணாம்புக்காரை

வணக்கம். டைல்ஸ் ஒட்டும் எண்ணத்தைத் தயவுசெய்து இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். ஈரச் சுவர் குளிர்வதும் மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் ஒரே காரணத்தால்தான்: உள்ளே ஊறிய நீர் மேற்பரப்பில் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அந்த ஈரம் வெளியேறும் வழியை டைல்ஸ் வைத்து அடைத்தால் அது சுவருக்குள்ளேயே மேலே ஏறி, டைல்ஸ் முடியும் இடத்தில் உப்பாகப் பூக்கும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுகொள்ள வேண்டும். ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு விளிம்புகளையும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டி, ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்புறம் நனைந்திருந்தால் அறையில் தேங்கிய ஆவியே அங்கே படிகிறது. பழைய வீடுகளில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். சிங்க்கின் கழிவுக் குழாய், பின்சந்தில் இறங்கும் மழைநீர்க் குழாய் ஆகியவற்றில் கசிவு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

நம் பகுதியின் பழைய வீடுகள் பல செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பப்பட்டவை. அப்படிப்பட்ட சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சினாலும் மேற்பரப்பு வழியாக அதை விட்டுவிடும். சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்ட்டும் அதைத் தடுக்கின்றன. ஆகவே பொங்கல் கழிந்து மழை முற்றிலும் விட்ட பிறகு, ஈரக்கறை எட்டிய உயரத்துக்கு மேலும் ஓர் அடி வரை சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, பூத்திருக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து நீக்குங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள் போய்விடும். சுவரைக் கோடை வெயிலில் நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்புச் சாந்து பூசி, சிறிது நீலம் கலந்த வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சுவரும் மூச்சுவிடும், வெளிச்சத்தையும் திருப்பித் தரும்.

பலரும் கவனிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். சமையல் எரிவாயு எரியும்போதே நீராவி உண்டாகிறது, 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் ஏறத்தாழ 22 லிட்டர் தண்ணீர் ஆவியாகி அந்த அறையில் கலக்கிறது. சோறு வடிப்பதில் எழும் ஆவி தனி. சன்னலுக்கு மேலே எக்ஸாஸ்ட் விசிறி கட்டாயம் வேண்டும். எதிர்ப்புறக் கதவின் அடியில் காற்று நுழைய இடைவெளி விட்டால்தான் அது ஒழுங்காக இழுக்கும்.

பதில்: தண்டையார்பேட்டை மின்பணியாளர்

சுவரைப் பற்றி மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வெளிச்சத்தைப் பொறுத்தவரை, கூரையின் நடுவில் ஒற்றை விளக்கு மாட்டுவதுதான் நம் வீடுகளின் பெரிய குறை. மேடையைப் பார்த்து நிற்பவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒளி வருவதால், அவருடைய நிழலே அரிவாள்மணையிலும் அரிசி களையும் பாத்திரத்திலும் விழுகிறது. எத்தனை வாட் கூட்டினாலும் இந்தக் குறை தீராது. மேடைக்கு மேலுள்ள கடப்பாத் தட்டின் அடியில், முன்விளிம்பை ஒட்டி, மெல்லிய எல்இடி பட்டை விளக்கு பொருத்துங்கள். கண்ணில் நேரே படாமல் மேடை முழுவதும் வெளிச்சம் பரவும். கூரைக்கு 2000 லூமென் (ஒளியின் அளவு) தரும், அதாவது சுமார் 20 வாட் பட்டை விளக்கு ஒன்று போதும்.

வாங்கும்போது பெட்டியில் அச்சிட்டிருக்கும், ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவைப் பாருங்கள். கடைகளில் கேட்காமலே எடுத்துக் கொடுக்கும் 6500 கெல்வின் விளக்கு நீலம் பாய்ந்த வெள்ளை; ஏற்கெனவே குளிர்ந்திருக்கும் அறையை அது இன்னும் வெளிறச் செய்யும். 3000 கெல்வின் மஞ்சள் கலந்தது, 4000 கெல்வின் நடுத்தரமானது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்து எல்லா விளக்கையும் அதிலேயே வாங்குங்கள்; கலந்து மாட்டினால் அறை திட்டுத்திட்டாகத் தெரியும். பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் சிஆர்ஐ அளவு 90க்கு மேல் இருந்தால் கீரையின் பழுப்பு இலையும் பருப்பில் கிடக்கும் கல்லும் தெளிவாகத் தெரியும்.

ஈரச் சுவரில் மின்கம்பி ஓடுவதால், விளக்குக்கு முன்பாக இஎல்சிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) பொருத்துவதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பதில்: கொருக்குப்பேட்டை அம்மா

தம்பி, தங்கள் மாமியாரின் கால்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்றுதான் எழுதுகிறேன். அடுப்புக்கு முன்னால், அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில், தரையோடு ஒட்டாமல் அடியில் சட்டம் வைத்த ஒரு மரப்பலகை போடுங்கள். கல் தரை பாதத்தின் சூட்டை உடனே இழுத்துக்கொள்ளும். மரம் அப்படி இழுக்காது. பலகை அகலமாகவும் ஆடாமலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் வயதானவருக்குத் தடுக்கும். காய் நறுக்குவதற்கு உட்கார ஒரு நாற்காலிக்கும் இடம் செய்யுங்கள்.

சன்னலுக்கு எதிரே இருக்கும் புதுக் கட்டடத்துக்காரரிடம் பேசி, தங்கள் சன்னலுக்கு நேரான சுவர்ப்பகுதிக்கு மட்டும் தங்கள் செலவில் வெள்ளை அடித்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். வெளிச்சத்தை மறைத்த சுவரே அதைத் திருப்பி அனுப்பத் தொடங்கும். சன்னல் திண்டில் டப்பா அடுக்குவதை நிறுத்தி, சன்னலுக்கு எதிர்ச் சுவரில் பித்தளைப் பாத்திரங்களைத் துலக்கி வையுங்கள். உத்திரங்களுக்குச் சாயம் அடிக்க வேண்டாம். புகையைத் துடைத்துவிட்டு, இடையிலுள்ள செங்கல் பகுதிக்கு மட்டும் வெள்ளை அடித்தால் அழகாக இருக்கும்.

வண்ணைவாசி

அனைவருக்கும் மிக்க நன்றி. பிளாஸ்டிக் தாளை இன்றே ஒட்டிவிட்டேன். எதிர்வீட்டுக்காரரிடமும் பேசுகிறேன். இன்னும் ஒரே ஒரு கேள்வி: சமையலறைக்கு மேலே மொட்டைமாடிதான். கூரையைத் திறந்து கண்ணாடி பதிக்க முடியுமா?

பதில்: சுண்ணாம்புக்காரை

முடியும். ஆனால் கண்ணாடியைக் கூரையோடு படுக்கையாகப் பதிக்க வேண்டாம். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுப்பகுதியிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும். சித்திரை வெயில் முழுவதும் அடுப்பங்கரையில் இறங்கிவிடும். அதற்குப் பதிலாகக் கூரைக்கு மேல் இரண்டடி உயரக் கூண்டு கட்டி, தலையை மூடி, வடக்குப் பக்கத்தில் மட்டும் செங்குத்தாகக் கண்ணாடி வைத்தால், சூடு அதிகம் இல்லாத சீரான வெளிச்சம் ஆண்டு முழுவதும் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழையின் சாரல் அந்தப் பக்கத்திலேயே அடிக்கும் என்பதால், கண்ணாடிக்கு மேல் ஒன்றரை அடி சன்ஷேடும் அடியில் நீர் வெளியே வழியும்படி சரிவும் அவசியம். மெட்ராஸ் டெரஸில் உத்திரத்தை வெட்டவே கூடாது. உத்திரங்களுக்கு இடையிலுள்ள செங்கல்லை எடுப்பதானாலும், இவ்வகைக் கூரையில் வேலை செய்த பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்த்த பிறகே கை வையுங்கள். சுவர்ப் பூச்சைக் கொத்தும் வேலையோடு இதையும் சேர்த்துச் செய்தால் அறையை ஒரே முறை காலி செய்தால் போதும்.