மறு: ஸ்லைடுக்குத் தமிழ்ச் சொல் – ‘படவில்லை’ ஏன் ஒத்துவராது

நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்லைடைத் தமிழில் என்னவென்று சொல்லலாம் என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துவருகிறேன். பவர்பாயிண்ட் போன்ற விளக்கக்காட்சி மென்பொருளின் பட்டிகளையும் பிழைச் செய்திகளையும் தமிழாக்கும் வேலையில் நானும் இருப்பதால், அங்கே தட்டுப்பட்டதை வைத்தே எழுதுகிறேன்.

> படவில்லை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே. இன்னொன்றை ஏன் தேட வேண்டும்?

புழங்கும் சொல்லைத் தள்ள எனக்கும் மனம் வராது. வில்லை நல்ல சொல். கற்பூர வில்லை, மருந்து வில்லை, அந்தக் காலத்துச் சேவகர்கள் அணிந்த பித்தளை வில்லை என்று, சிறியதாய்த் தட்டையாய் இருப்பதற்கெல்லாம் அது பொருந்தும். 35 மில்லிமீட்டர் படச்சுருளை நறுக்கிச் சட்டத்தில் செருகி, புரொஜெக்டரில் போட்டுக் காட்டிய காலத்தில் அந்தச் சின்னச் சதுரத்துக்குப் படவில்லை என்பது சரியான பெயர்.

மென்பொருளுக்குள் வந்ததும்தான் சிக்கல். கோப்பைச் சேமிக்க முடியாமல் போனால் வரும் செய்தியை மொழிபெயர்த்து, ஓட்டிப் பார்த்தேன். திரையில் வந்தது இது:

படவில்லை சேமிக்கப்படவில்லை.

இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் படிக்கிறவர் ஒரு கணம் நின்று, திரும்பப் படித்து, எந்தப் படவில்லை பெயர், எது வினை என்று பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேலை போய்விட்டதோ என்று பதறும் நேரத்தில் வரும் செய்தி அது. அதை விட மோசம் அடுத்தது. ‘அழிக்கப்படவில்லை’ என்பதை ‘அழிக்கப் படவில்லை’ என்று இடம்விட்டு எழுதும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இப்போது அது என்ன சொல்கிறது? ஒன்றும் அழியவில்லை என்றா, அழிப்பதற்கான ஸ்லைடு என்றா? திரைப்படிப்பானை வைத்துக் காதால் கேட்டே கணினியில் வேலை செய்கிற ஒருவருக்கு இந்தக் குழப்பம் இன்னும் கூடும். அப்புறம் தேடல். உதவிப் பக்கங்களில் ‘படவில்லை’ என்று தேடினால் காட்டப்படவில்லை, திறக்கப்படவில்லை, கண்டறியப்படவில்லை எல்லாம் சேர்ந்து வந்து கொட்டுகின்றன. எதிர்மறை வினையின் வால் அப்படியே ஒரு பெயர்ச்சொல்லாக அமைந்துவிட்டது இதன் தவக்குறைவு. அச்சுப் புத்தகத்தில் இது பெரிதாக உறுத்தியிருக்காது. பிழைச் செய்தியில் உறுத்துகிறது.

சறுக்கு, நழுவம் ஆகியவற்றையும் சிலர் முன்வைத்திருந்தீர்கள். மாய விளக்கு என்ற பழைய படங்காட்டும் கருவியில் கண்ணாடித் தகட்டைப் பக்கவாட்டில் நழுவவிட்டார்கள். அதனால் ‘ஸ்லைடு’, அதாவது நழுவுவது, என்ற பெயர் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. இன்று நழுவுவது எதுவுமில்லை. ஆங்கிலச் சொல்லின் பழங்கதையைத் தமிழ் சுமக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

என் முன்மொழிவு: திரைத்தாள். இடம் தெளிவாக இருக்கும்போது வெறும் ‘தாள்’.

கல்லூரிகளில் பாடம் எடுத்தவர்களுக்கு ஓ.எச்.பி. (ஓவர்ஹெட் புரொஜெக்டர்) ஷீட் நினைவிருக்கும். ஒளி ஊடுருவும் தாளில் மார்க்கர் பேனாவால் எழுதி, விளக்கின் மேல் ஒவ்வொன்றாக வைத்து எடுப்பார்கள். ‘அடுத்த ஷீட்டைப் போடுங்க’ என்பது வகுப்பறைப் பேச்சு. பவர்பாயிண்டின் தொடக்கமும் இதுதான். 1987இல் மேக்கின்டாஷ் கணினிக்காக வெளிவந்த முதல் பதிப்பு, ஓ.எச்.பி.க்கான தாள்களை அச்சிட்டுக்கொள்ளவே பயன்பட்டது. கணினியிலிருந்து நேரே திரையில் காட்டுவது பிறகு வந்தது. ஆகவே தாள் என்பது வலிந்து கொண்டுவந்த உவமை அல்ல. பவர்பாயிண்டின் இன்றைய கோப்பு வகையான பிபிடிஎக்ஸ், உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஜிப் பொதிதான். அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள்: உள்ளே ஒவ்வொரு ஸ்லைடும் தனித்தனி எக்ஸ்எம்எல் கோப்பாக, எண்ணிட்டு இருக்கும். அச்சு அசலாக ஒரு தாள்கட்டு.

கூட்டுச் சொற்களும் இடறாமல் வருகின்றன: தாள் மாற்றம் (ஒரு தாளிலிருந்து அடுத்ததற்குப் போவது), தாள் வரிசை, தாய்த்தாள் (எல்லாத் தாளுக்கும் பொதுவான அமைப்பைத் தருவது), தாள் குறிப்பு. ‘திரைத்தாள் சேமிக்கப்படவில்லை’ என்பதை ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

> விரிதாளில் (எக்செல் போன்றவற்றில்) ஏற்கெனவே தாள் இருக்கிறதே, மோதாதா?

மோதும். அதனால்தான் ‘திரை’ என்ற முன்னொட்டை விடக் கூடாது என்கிறேன். இரண்டு மென்பொருளுக்கும் பொதுவான உதவிப் பக்கங்களில் ஒன்று பணித்தாள், மற்றது திரைத்தாள். ஒரு காலத்தில் எனக்கு ஏடு என்ற சொல்லின் மேல் ஆசை இருந்தது. அகலமான ஓலை, கயிற்றில் கோத்த வரிசை என்று உருவம் அவ்வளவு பொருந்துகிறது. ஆனால் நாளேடு, பதிவேடு, குறிப்பேடு என்று இன்று ஏடு முழுப் புத்தகத்தையே குறிக்கிறது. விட்டுவிட்டேன்.

அடுத்து வினைகள். ‘சேமி’ நிலைபெற்றுவிட்டது, தொட வேண்டாம். ‘மாற்று’தான் எனக்குக் கவலை. ஓர் ஆசிரியை தன் பழைய பாடங்களை அனுப்பி, ‘இதெல்லாம் மாத்தணும்’ என்று கேட்டார். பவர்பாயிண்டின் பழைய வகையான பிபிடி கோப்புகள், எழுத்துரு பாமினி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த பழைய எழுத்துரு அது. நான் எல்லாவற்றையும் பிபிடிஎக்ஸாக மாற்றிக் கொடுத்தேன். அவர் பள்ளிக் கணினியில் பாமினி இல்லை. திறந்ததும் தாள் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக நின்றன. அவர் கேட்டது, பாமினி இல்லாத கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு. நான் செய்தது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பேசியதால் அவருடைய ஒரு வகுப்பு வீணானது. அதனால் ‘கோப்பு வகை மாற்று’, ‘எழுத்துக் குறியாக்கம் மாற்று’ என்று முழுதாக எழுதிவிடுவோம். பொத்தான் சற்று நீளட்டும். ‘வடிவம் மாற்று’ என்று எழுத வேண்டாம். வட்டம், சதுரம் வரையும் பட்டியிலும் அதே ‘வடிவம்’ இருக்கிறது.

‘ஏற்றுமதி’ (எக்ஸ்போர்ட்) பற்றியும் ஒன்று. பட்டியின் தலைப்பாக அது இருக்கட்டும். ஆனால் அதனுள்ளே, கடையில் பிரிண்ட் எடுக்கப் போகிறவர் சொல்வதையே வைக்கலாமே: ‘இதைப் பி.டி.எஃப். ஆக்கிக் குடுங்க’. பி.டி.எஃப். ஆக்கு, படங்களாக ஆக்கு, காணொளி ஆக்கு. ‘இவ்வாறு சேமி’ (சேவ் ஆஸ்) என்றால் தொடர்ந்து திருத்துவது புதிய கோப்பில். ‘ஆக்கு’ என்றால் மூலம் அப்படியே இருக்க, ஒரு படி மட்டும் வெளியே வருகிறது. இந்த வேறுபாடும் தானாகத் தெளிகிறது.

திரைத்தாளை ஏற்பதானாலும் மறுப்பதானாலும், உங்கள் சொல்லை இந்த மூன்று செய்திகளில் பொருத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள்: ‘__ சேமிக்கப்படவில்லை’, ‘3 __களை நீக்கவா?’, ‘எல்லா __களையும் பி.டி.எஃப். ஆக்கு’. தாள் மாற்றத்துக்கும் ஒரே தாளுக்குள் எழுத்தும் படமும் அசைவதற்கும் தனித்தனிச் சொல் வேண்டும். இரண்டாவதற்கு ‘அசைவூட்டம்’ என்று இப்போதைக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அதைவிடச் சிறியது இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்.